டிரான்சிஸ்டர் அலையியற்றிக்கு ஏற்ற சிறு ஒத்ததிர்வுச் சுற்று

கம்பிச்சுருளும் மின்தேக்கியும் இணையாகச் சேர்ந்ததே ஒத்ததிர்வுச் சுற்று. மின்னாற்றல் இவ்விரண்டிற்கும் இடையே மாறி மாறிச் சென்று வருகிறது. சுருளின் தடையில் வீணாகும் ஆற்றலை டிரான்சிஸ்டர் ஈடு செய்வதால் அலைவு ஓயாமல் நிகழ்கிறது. ஆயினும், ஈடு செய்யும் டிரான்சிஸ்டரே அதிர்வெண்ணைக் கெடுப்பதும் உண்டு. அதன் சந்திகளுக்குரிய சிறு மின்தேக்குதிறன் வெப்பநிலைக்கும் மின்கல அழுத்தத்திற்கும் ஏற்ப மாறும். காலையில் சரியாக நின்ற கருவி நண்பகல் வெயிலில் விலகுவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

கணக்கு எளிது. 25,330-ஐ மெகாஹெர்ட்ஸில் குறித்த அதிர்வெண்ணின் இருமடியால் வகுக்க வேண்டும். கிடைக்கும் ஈவு, மைக்ரோஹென்ரியில் குறித்த தூண்டலெண்ணையும் பிகோஃபாரடில் குறித்த மின்தேக்குதிறனையும் பெருக்கிய தொகைக்குச் சமம். 1 மெகாஹெர்ட்ஸுக்கு 100 மைக்ரோஹென்ரிச் சுருளைக் கொண்டால், 253 பிகோஃபாரட் தேவை.

எட்வின் கால்பிட்ஸ் 1918-இல் வெற்றிடக் குழாய்க்கென வகுத்த அமைப்பு, டிரான்சிஸ்டருக்கும் பொருந்தும். அதில் இரு மின்தேக்கிகள் தொடராக நிற்கும். ஒவ்வொன்றும் 500 பிகோஃபாரட் எனக் கொள்க. டிரான்சிஸ்டரின் மாறுதலால் ஒன்றில் 5 பிகோஃபாரட் கூடினால், அதிர்வெண் ஏறத்தாழ 2.5 கிலோஹெர்ட்ஸ் குறையும். 1,000 மைக்ரோஹென்ரிச் சுருளோடு 50 பிகோஃபாரட் மின்தேக்கிகளை வைத்தாலோ, அதே மாறுதல் 23 கிலோஹெர்ட்ஸ் விலக்கத்தை உண்டாக்கும். ஆகவே, புறத்தே வைக்கும் மின்தேக்கி டிரான்சிஸ்டரின் மின்தேக்குதிறனைவிடப் பன்மடங்கு பெரியதாக இருத்தல் வேண்டும்.

இதற்கும் எல்லை உண்டு. தரக்காரணி 100 உள்ள 100 மைக்ரோஹென்ரிச் சுருள், ஒத்ததிர்வில் சுமார் 63,000 ஓம் மறிப்பைத் தரும். 10 மைக்ரோஹென்ரிச் சுருள் தருவது 6,300 ஓமே. மின்கலம் தளர்ந்த நிலையில் அலைவு தொடங்காமலே போகலாம். இடைப்பட்ட அளவே நலம்.

சுருளுக்கு 2.5 செ.மீ. விட்டமுள்ள காகிதக் குழாயின் மேல், அதே நீளத்திற்கு 32-ஆம் எண் எனாமல் கம்பியை ஏறத்தாழ 77 சுற்றுகள் நெருக்கமாகச் சுற்றலாம். உலோகப் பெட்டியின் சுவர், சுருளின் விட்டத்தளவேனும் விலகி நிற்க வேண்டும். நெருங்கினால் தூண்டலெண் குறையும். மின்தேக்கிகள் வெள்ளி பூசிய அப்பிரக வகையாக இருப்பது சிறந்தது.

மாணவருக்கு இதனைக் காதால் உணர்த்தலாம். மத்திய அலை வானொலிப் பெட்டியில் ஏதேனும் ஒரு நிலையத்தை வைத்து, அலையியற்றியை அதன் அதிர்வெண்ணுக்கு அருகே கொண்டுவந்தால் சீழ்க்கையொலி எழும். டிரான்சிஸ்டரை விரல்களால் பற்றிச் சற்றே வெதுவெதுப்பாக்கினால் ஒலியின் சுருதி மாறும். அம்மாறுதல் சிறிதாயின் சுற்றின் அமைப்பு நன்று. அலையியற்றியோடு வான்கம்பியை இணைத்தலாகாது. அண்டை வீட்டாரின் வானொலிக்கு அது இடையூறாகும்.