பட்டை ஒட்டினால், குவளை வைத்தால் வலி தீருமா?



முழங்காலில் நீல நிறப் பட்டை ஒட்டியிருப்பவர்களையும், முதுகில் கருஞ்சிவப்பு வட்டங்களோடு இருப்பவர்களையும் நம்முடைய நகரங்களில் இப்போது அடிக்கடி காண்கிறோம். முன்பு விளையாட்டு வீரர்களிடம் மட்டுமே காணப்பட்ட இச்சிகிச்சைகள் இன்று தெருமுனைப் பிசியோதெரபி நிலையங்கள் வரை வந்துவிட்டன. மும்பையிலும் டில்லியிலும் சூரத்திலும் மூட்டை சுமக்கிறவர்கள், நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின்மேல் குனிந்திருக்கிறவர்கள், நாலைந்து வீடுகளில் பாத்திரம் துலக்கித் தரை துடைக்கும் சகோதரிகள், கணினியின் முன் பத்து மணி நேரம் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் என்று, கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் வலி எட்டிப்பாராத குடும்பம் நம்மிடையே அரிது.

ஊரைவிட்டு வந்து சரீர உழைப்பை நம்பி வாழ்கிற வீட்டில், இடுப்பு பிடித்துக்கொண்டால் கூலியும் நின்றுபோகும். ஆகவேதான், “பத்து முறை வாருங்கள், வலி பறந்துவிடும்” என்று ஒருவர் சொன்னால், கடன் வாங்கியாவது பணத்தைக் கட்டிவிடுகிறோம். அப்படிக் கட்டுமுன், இவை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

பட்டை ஒட்டுதல்

பட்டைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நீளாத வெள்ளைப் பட்டை. சுளுக்கிய கணுக்கால் மறுபடியும் பிறழாதபடி இறுகப் பிடித்துக்கொள்வதே இதன் வேலை. ஏற்கெனவே கணுக்கால் சுளுக்கியவர்களுக்கு அது திரும்ப நேராமல் காக்க இது உதவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஜென்னி மெக்கானல் என்ற பிசியோதெரபிஸ்ட், முழங்கால் சில்லைச் சற்றே நகர்த்திப் பிடிக்கும்படி இவ்வகைப் பட்டையை ஒட்டும் முறையை 1980-களில் பரப்பினார்.

மற்றொன்று, நாம் அதிகமாகக் காணும் வண்ணப் பட்டை. பருத்தித் துணியில் பசை தடவி, தோலைப்போல் நீண்டு சுருங்கும்படி செய்யப்பட்டது. ஜப்பானைச் சேர்ந்த கென்சோ காசே 1979-இல் இதை உருவாக்கினார். 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக் போட்டிகளில் வீரர்கள் இதை ஒட்டிக்கொண்டு விளையாடியதைத் தொலைக்காட்சியில் கண்டபின் உலகமெங்கும் பரவியது. ஒருமுறை ஒட்டினால் மூன்று முதல் ஐந்து நாட்கள் வரை நிற்கும்.

இது தோலை மெல்லத் தூக்கி இரத்த ஓட்டத்தைப் பெருக்குகிறது என்பார்கள். ஆயினும் ஆராய்ச்சிகளின் முடிவு அடக்கமானது. 2014-இல் 12 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஒரு கட்டுரை, இவ்வண்ணப் பட்டை, வெறுமனே ஒப்புக்கு ஒட்டிய பட்டையைவிட அதிகப் பலன் தந்ததாகத் தெரியவில்லை என்றது. அப்படியானால் சிலருக்கு இலகுவாக இருப்பது எப்படி? அடிபட்ட இடத்தை நாம் தேய்த்துவிடும்போது வலி சற்றுக் குறைகிறதல்லவா? தொடு உணர்ச்சி, வலியின் செய்தி மூளைக்குச் செல்லும் வழியைத் தணிக்கக்கூடும் என்று மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் 1965-இல் விளக்கினார்கள். பட்டையும் அவ்வாறே உதவலாம். அந்த ஆறுதல் மெய்யானதே. ஆனால் அது சில நாட்களுக்குரியது.

குவளை வைத்தல்

கப்பிங் என்பது மிகப் பழமையான வைத்தியம். நம் நாட்டின் சுசுருத சம்ஹிதையிலேயே கொம்பையும் சுரைக்குடுவையையும் வைத்து இரத்தம் வாங்கும் முறை கூறப்பட்டிருக்கிறது. யுனானி வைத்தியத்தில் இது ஹிஜாமா எனப்படும். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் தோள்களில் வட்டத் தழும்புகளைக் கண்டபின், உலகம் இதை மறுபடியும் திரும்பிப் பார்த்தது.

பிசியோதெரபிஸ்டுகள் செய்வது பெரும்பாலும் உலர் கப்பிங். பிளாஸ்டிக் அல்லது சிலிக்கான் குவளையைத் தோலில் வைத்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, சில நிமிடங்கள் விட்டு எடுப்பார்கள். தோலும் அதன் கீழுள்ள தசையும் மேலே இழுக்கப்படுகின்றன. சிறு இரத்தக் குழாய்கள் கசிவதால் வட்டத் தழும்பு உண்டாகிறது. “உள்ளிருந்த கெட்ட இரத்தமும் நஞ்சும் வெளியே வருகின்றன, நிறத்தைப் பாருங்கள்” என்று சொல்லக் கேட்டால் நம்ப வேண்டாம். அது வெறும் இரத்தக்கட்டு. இரண்டு வாரங்களுக்குள் மறைந்துவிடும். சரீரத்தின் கழிவுகளை நீக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகங்களும் செய்துகொண்டிருக்கின்றன.

கழுத்து வலி, இடுப்பு வலி உள்ள சிலருக்குக் கப்பிங் செய்தபின் சில நாட்கள் வலி குறைவதாக ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் அவற்றில் பல சிறிய ஆய்வுகள். மேலும், குவளை வைத்ததை நோயாளி அறியாதபடி ஒப்பிட்டுச் சோதிப்பது கடினம். ஆகவே உறுதியான முடிவு சொல்ல இயலாது.

பிற மார்க்கத்தார் செய்யும் வைத்தியமாயிற்றே, நாம் செய்துகொள்ளலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். காற்றை உறிஞ்சுகிற குவளைக்கு மதம் இல்லை. மந்திரமோ சடங்கோ சேர்ந்திராத இடத்தில், இது நன்மை தருமா, தீங்கு தருமா என்பதையே நாம் கேட்க வேண்டும்.

மெய்யான உதவி எது?

2020-ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடிப் பேர் இடுப்பு வலியால் வருந்தியதாகக் கணக்கிடப்பட்டது. தனிக் காரணம் எதுவும் காணப்படாத நாட்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. வலியைப்பற்றிய அறிவும் முறையான உடற்பயிற்சியும் அதில் முக்கிய இடம் பெற்றன. இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுத்தல் ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றும் அது கூறியது. நாட்கணக்காகப் படுத்தே கிடப்பதும் சுகத்தைத் தாமதப்படுத்தும்.

முழங்கால் தேய்மானத்துக்கும் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியே முதன்மையானது. நாற்காலியில் அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி மெல்ல இறக்குவது ஓர் எளிய தொடக்கம். சமையலறையிலேயே செய்யலாம். நெடுநேரம் முழங்காலில் நின்று ஜெபிக்கும் பழக்கமுள்ளவர்கள், வலி இருக்கும் நாட்களில் நாற்காலியில் அமர்ந்து ஜெபிப்பதில் குறைவு ஒன்றுமில்லை.

பட்டையும் குவளையும் முற்றிலும் வீண் என்று சொல்ல வரவில்லை. வலியினால் கையைத் தூக்கவே முடியாதவர், அவை தரும் சில நாள் இலகுவில் பயிற்சியைத் தொடங்கினால் அதனால் பயன் உண்டு. பயிற்சியே இல்லாமல் வாரந்தோறும் பட்டை மாற்றுவதும் குவளை வைப்பதும்தான் பணவிரயம்.

யார் விலக வேண்டும்?

இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்பவர்களும், இரத்தக்கசிவு நோய் உள்ளவர்களும் கப்பிங் செய்துகொள்ளக் கூடாது. நீரிழிவினால் பாதம் மரத்துப்போனவர்கள், கர்ப்பிணிகள், மெலிந்த தோலுள்ள முதியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்துகொள்ள வேண்டாம். நெருப்பு வைத்துச் செய்யும் முறையில் தீக்காயம் நேரிடுவதுண்டு. தோலைக் கீறி இரத்தம் எடுப்பதானால், பிளேடும் குவளையும் உங்களுக்கென்றே புதிதாகப் பிரிக்கப்பட வேண்டும்; இல்லையேல் இரத்தத்தின் மூலம் மஞ்சள் காமாலைக் கிருமி, எச்.ஐ.வி. ஆகியவை தொற்றக்கூடும். பட்டை ஒட்டிய இடத்தில் அரிப்போ கொப்புளமோ கண்டால் உடனே எடுத்துவிடுங்கள். வெடுக்கென்று இழுக்காமல், எண்ணெய் தடவி, உரோமம் படிந்திருக்கும் திசையில் மெதுவாக உரியுங்கள்.

வலி அல்ல, எச்சரிக்கை!

சில வலிகள் பட்டைக்கும் குவளைக்கும் உரியவை அல்ல. இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் அடக்க முடியாமற்போதல் அல்லது சிறுநீர் வெளியேறாமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் பலவீனம் காணப்பட்டால் அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் முதுகு வலியோடு சேர்ந்தால், அது முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். நம் நாட்டில் இது அபூர்வமல்ல. முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாக எலும்பு வலி வந்தாலும் பரிசோதனை அவசியம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அங்கே இரத்தம் உறைந்திருக்கலாம், தேய்க்கவே கூடாது. மார்பு இறுக்கம், வியர்வையோடு இடது கையோ தாடையோ வலித்தால் அது இருதயத்தின் அழைப்பு. ஜெபித்துக்கொண்டே புறப்படுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதிருங்கள்.

மொழி தெரியாததால் இவற்றைச் சொல்லாமலே திரும்பிவிடுகிறவர்கள் நம்மில் பலர். வட இந்திய மருத்துவரிடம் இந்தச் சொற்களையாவது சொல்லுங்கள்: இடுப்பு என்றால் ‘கமர்’, கழுத்து ‘கர்தன்’, தோள் ‘கந்தா’, முழங்கால் ‘குட்னா’, வலி ‘தர்த்’, மரத்துப்போதல் ‘சுன்ன்’, பலவீனம் ‘கம்ஜோரி’, சிறுநீர் ‘பேஷாப்’, காய்ச்சல் ‘புகார்’. ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

பணம் கொடுக்குமுன் கேளுங்கள்

என் வலிக்குக் காரணம் என்ன? வீட்டில் செய்யும்படி என்ன பயிற்சி கொடுப்பீர்கள்? எத்தனை முறையில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்துவோம்? இம்மூன்றுக்கும் விடை சொல்லாமல் மொத்தப் பணத்தையும் முன்னதாகக் கேட்கிற இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். சிகிச்சை அளிப்பவர் பிசியோதெரபிப் பட்டம் பெற்றவரா என்று கேட்பது அவமரியாதை ஆகாது.

பெரிய அரசு, மாநகராட்சி மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு உண்டு. மும்பையில் சயான், கே.ஈ.எம். மருத்துவமனைகளிலும், ஹாஜி அலியில் 1955 முதல் இயங்கும் மத்திய அரசின் மறுவாழ்வு நிறுவனத்திலும் குறைந்த செலவில் சிகிச்சை பெறலாம். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அதைப் பயன்படுத்துங்கள். வரிசையில் நிற்க வேண்டும் என்பது மெய்தான். ஆனால் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வீட்டில் மிஞ்சும்.

பிரியமானவர்களே, உங்கள் சரீரத்தின் பலத்தை நம்பியே ஊரில் தாயும் தகப்பனும், இங்கே மனைவி மக்களும் வாழ்கிறார்கள். அதை அலட்சியம் பண்ணாதிருங்கள். அச்சத்தினால் எவரிடமும் விற்றுவிடாமலும் இருங்கள். இன்று மாலை வேலை முடிந்து வந்ததும், முதலாவது பத்து நிமிடம் நடந்து பாருங்கள்.