அதிர்வலைச் சிகிச்சையும் வலி உணர்திறனும்

அதிர்வலைச் சிகிச்சை என்பது, உடலுக்கு வெளியே உண்டாக்கப்படும் வலுவான அழுத்த அலைகளைத் தோல் வழியாகச் செலுத்தி, நாட்பட்ட வலியைக் குறைக்க முயலும் மருத்துவ முறையாகும். குதிகால் வலி, தோள்பட்டைத் தசைநாணில் கால்சியம் படிதல், டென்னிஸ் முழங்கை ஆகியவற்றுக்கு இது பெரிதும் பயன்படுகிறது. 'ஷாக்' என்ற சொல்லைக் கேட்டு, மின்சாரம் பாய்ச்சுவார்கள் என்று அஞ்சுவோர் உண்டு. உடலுக்குள் செல்வது மின்சாரம் அன்று. ஒலியைப் போன்ற இயந்திர அலையே.

தோற்றம்

1980இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் கிறிஸ்டியன் சௌசி குழுவினர் சிறுநீரகக் கற்களை அதிர்வலையால் உடைத்தனர். அதே அலை பின்னர் எலும்பு, தசைநாண் நோய்களுக்கும் வந்தது. குதிகால் வலிக்கான கருவி ஒன்றுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2000இல் ஒப்புதல் அளித்தது.

வலி எவ்வாறு குறைகிறது?

வலி உணர்திறனை அளக்க அழுத்தமானி என்ற சிறு கருவி உள்ளது. நோயுள்ள இடத்தில் அதை மெல்ல அழுத்திக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அழுத்தம் வலியாக மாறும். அந்த அளவே அழுத்த வலி வாயில். சிகிச்சைக்குப் பின் இது உயர்ந்தால், உணர்திறன் தணிந்தது என்று பொருள்.

இதற்கான காரணம் முழுமையாகத் தெளிவாகவில்லை. மெல்சாக், வால் ஆகியோர் 1965இல் வெளியிட்ட வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டின்படி, தண்டுவடத்தில் வலிச் செய்தியைத் தடுக்கும் அமைப்பு உண்டு. வலுவான தூண்டல் அந்தத் தடுப்பை முடுக்கிவிடக்கூடும். மற்றொரு விளக்கம் நரம்பு முனைகளைப் பற்றியது. எலிகளில் தோலின் மெல்லிய நரம்பிழை முனைகள் அதிர்வலையால் சிதைந்து, சில வாரங்களில் மீண்டும் வளர்ந்தன. இரண்டாம் முறை செலுத்தியபோது அந்த வளர்ச்சி தாமதமாயிற்று. முயலின் தொடை எலும்பில், வலியைக் கடத்தும் 'பொருள் பி' முதல் நாளில் கூடி, ஆறு வாரங்களுக்குப் பின் குறைந்தது. சிகிச்சை முடிந்த சில நாட்களுக்கு வலி சற்றுக் கூடுவதாக நோயாளிகள் சொல்வதுடன் இது பொருந்தி வருகிறது.

இங்கே வியப்பான செய்தி ஒன்று உண்டு. சிகிச்சையின்போது வலிக்குமே என்று முதலில் மரப்பு ஊசி போட்டால், பலன் குறைவதாகக் குதிகால் வலி ஆய்வுகள் காட்டின. நோயாளி அந்த வலியை உணர்வதே சிகிச்சையின் ஒரு பகுதி போலும். எங்கே மிகுதியாக வலிக்கிறது என்று அவர் சொல்ல, அந்த இடத்திலேயே அலையைச் செலுத்துவதும் இதனால்தான்.

பலன்

முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. 2002இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், குதிகால் வலிக்குப் போலிச் சிகிச்சை பெற்றவர்களும் ஏறத்தாழ அதே அளவு தேறினர். 2003இல் வெளியான மற்றோர் ஆய்வில், தோள்பட்டைக் கால்சியப் படிவுக்குத் தெளிவான பலன் கிடைத்தது. எந்த நோய், எவ்வளவு ஆற்றல், எந்த வகை அலை என்பனவற்றைப் பொறுத்தே முடிவு அமைகிறது. விளம்பரங்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

கர்ப்பிணிகள், இரத்தம் உறையாமை உள்ளோர், அலை படும் இடத்தில் புற்றுக்கட்டி உள்ளோர் ஆகியோருக்கு இச்சிகிச்சை தவிர்க்கப்படுகிறது. நுரையீரலுக்கு நேராகவும் அலையைச் செலுத்துவதில்லை; அங்குள்ள காற்றும் திசுவும் சந்திக்கும் இடத்தில் அலையின் ஆற்றல் வெளிப்பட்டுத் திசுவைக் கிழித்துவிடக்கூடும்.