கல்லில் கருவி கண்ட கை

கல்லிலே கடவுளைக் கண்டவர் கதையைக் காலமெல்லாம் கேட்டிருக்கிறோம். கல்லிலே கருவியைக் கண்டவன் கதையை நமக்கு யார் சொன்னார்கள், தோழர்களே?

1863 மே 30. சென்னையை அடுத்த பல்லாவரம். நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், அங்கே சரளைக் குழியொன்றில் ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார். பலர் காலில் இடறிய கல்லாக இருக்கலாம். அவர் கண்ணுக்கோ அது கைக்கோடரி! இந்தியாவின் பழைய கற்காலம் உலகுக்குத் தெரியவந்தது அப்படித்தான். அதே ஆண்டில், கொசத்தலை ஆற்றை ஒட்டிய அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகள் கிடைத்தன.

அவற்றின் வயது என்ன? சாந்தி பாப்புவும் அவர் குழுவினரும் 2011இல் விடை தந்தார்கள்: ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள்!

உடனே தோள் தட்ட வேண்டாம், தோழா. அன்று தமிழும் இல்லை, தமிழனும் இல்லை. நம்முடைய மனித இனமே தோன்றாத காலம் அது. மந்திரம் இல்லை, மனுநீதி இல்லை. இருந்தவை கல், கை, கருத்து. இந்த மூன்றே!

குவார்ட்சைட் என்னும் கெட்டிக் கல். உளி ஏது? இரும்பு ஏது? கல்லைக் கல்லால் அடித்தான். விளிம்பிலே, ஏற்ற கோணத்திலே அடி விழுந்தால் சில்லு பெயரும். பிசகினால் கல் பாழ். இருபுறமும் மாற்றி மாற்றிச் சில்லெடுத்தான். முனை கூரானது, அடிப்பக்கம் கைக்கு அடங்கியது.

அதோடு நின்றானா? 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அதே அத்திரம்பாக்கத்தில் புதுமுறை வளர்ந்துவிட்டது என்று 2018இல் அந்தக் குழுவினர் அறிவித்தார்கள். லெவலுவா முறை என்பது அதன் பெயர். முதலில் கல்லைச் சுற்றிலும் செதுக்கி, மேல்முகத்தைப் பக்குவப்படுத்த வேண்டும். பிறகு அளந்து ஓர் அடி! எண்ணிய வடிவிலே சில்லு கழன்று விழும். ஆம், அந்தச் சில்லு கல்லிலிருந்து பெயரும் முன்பே கருத்திலே பிறந்துவிட்டது.

இந்த வித்தை காட்டுவாரும் கற்பாரும் இன்றித் தலைமுறை தாண்டி வந்திருக்குமா? "நீ கற்கக் கூடாது" என்று தடுத்துக் காதிலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்றும் சட்டம் அன்று இல்லை.

"கையால் பாடுபடுகிறவனுக்கு மூளை எதற்கு?" என்று ஏளனம் பேசுவோர் இன்றும் உண்டு. எண்ணுவது ஒருவன் பிறப்புரிமை, உழைப்பது இன்னொருவன் தலையெழுத்து என்று பிரித்தவர்கள் அவர்கள். கையையும் கருத்தையும் பிரித்தால் கைக்கோடரி உண்டா?

பட்டறையிலே சம்மட்டி ஓங்கும் தோழா! கடைசல் எந்திரத்தின் முன் நிற்கும் தோழா! அடி விழும் இடத்தை உன் கண் முன்கூட்டியே குறிக்கிறதே, அந்த அறிவுக்கு வயது இலட்சக்கணக்கான ஆண்டுகள். உன் தொழிலை இழிதொழில் என்பவனிடம் வாதாடிக் களைக்காதே. அத்திரம்பாக்கத்துக் கல்லைக் காட்டு. அது பேசும்!