கப்பலில் வரும் எரிவாயுவும் நம் மூச்சும்

ஆஸ்துமாவுக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கும் எங்கள் பிரிவில் சிகிச்சை பெறுவோர், இயற்கை எரிவாயு தூய எரிபொருள்தானே என்று கேட்பதுண்டு. நிலக்கரியோடும் விறகோடும் ஒப்பிட்டால் ஆம். கரித்துகளும் கந்தகமும் இதில் மிகக் குறைவு. எனினும் எல்லா எரிவாயுவும் ஒரே தன்மையுடையதன்று.

தொலைநாடுகளிலிருந்து கப்பலில் வரும் எரிவாயு, ஏறத்தாழ மைனஸ் 162 டிகிரி செல்சியசுக்குக் குளிர்விக்கப்பட்டுத் திரவமாகிறது. அதில் பெரும்பகுதி மீத்தேன். சில நாட்டு எரிவாயுவில் ஈத்தேனும் புரோப்பேனும் கூடுதலாகக் கலந்திருக்கும். அத்தகைய வாயு கூடுதல் வெப்பம் தரும். ஒரே எரிமுனையில், ஒரே அழுத்தத்தில் ஒரு வாயு எவ்வளவு வெப்பம் தரும் என்பதைப் பொறியாளர்கள் 'வோபி எண்' கொண்டு அளக்கின்றனர். எரிமுனையை அதற்கேற்பச் சரிசெய்யாதபோது, அவ்வெண் உயர்ந்தால் பல கருவிகளில் சுடரின் வெப்பநிலையும் உயரும். அப்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சிஜனுடன் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகிறது. அதாவது, மாசின் மூலப்பொருள் எரிவாயுவில் இல்லை. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே இருக்கிறது.

இது ஏட்டளவிலான ஐயமன்று. அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில், மெக்சிகோ எல்லைக்கு அப்பால் அமையவிருந்த கோஸ்டா அசூல் முனையத்தின் வழியாக இறக்குமதி வாயு வரும் என்ற நிலை எழுந்தபோது பெரும் விவாதம் மூண்டது. 2006இல் மாநில ஒழுங்குமுறை ஆணையம் வோபி எண்ணுக்கு 1385 என உச்சவரம்பு வகுத்தது. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தின் காற்றுத்தர நிர்வாகமோ அது மிக அதிகம் என்று எதிர்த்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதே எங்கள் கருத்து. அந்நகரப் பள்ளத்தாக்கை மலைகள் சூழ்ந்துள்ளன. மேலே வெப்பமான காற்றடுக்கு மூடிபோல் கவிழ்ந்திருக்கும். அங்கே தேங்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள், கரிம ஆவிகளுடன் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாக மாறுகின்றன, நுண்துகள்களாகவும் திரள்கின்றன. பிறகு உள்நாட்டிலேயே பாறைப்படிவ எரிவாயு பெருகியதால், அஞ்சிய அளவுக்கு இறக்குமதி நிகழவில்லை.

நைட்ரஜன் டைஆக்சைடு மூச்சுக்குழாயின் உட்சுவரை அழற்சியுறச் செய்கிறது. ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு இழுப்பைத் தூண்டுகிறது. உலக நலவாழ்வு அமைப்பு 2021இல் இதன் ஆண்டுச் சராசரி வரம்பை ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராமாகக் குறைத்தது. இந்தியாவின் வரம்பு 40.

நம் எண்ணூரிலும் 2019 முதல் இறக்குமதி முனையம் இயங்குகிறது. நிலக்கரிக்கும் உலை எண்ணெய்க்கும் மாற்றாக அவ்வாயு பயன்பட்டால் நமக்கு நன்மையே. ஆயினும் வரும் வாயுவுக்கேற்ப எரிகலன்களைச் சரிசெய்வதும், புகைபோக்கியில் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதும் தொழிற்சாலைகளின் கடமை.

வீட்டைப் பொறுத்தவரை, குழாய் எரிவாயுவாயினும் சிலிண்டராயினும் அடுப்புச் சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ, பாத்திரத்தின் அடியில் கரி படிந்தாலோ பழுதுபார்ப்பவரை அழையுங்கள். அது கார்பன் மோனாக்சைடு வெளிவருவதன் அறிகுறியாகலாம். நீலச் சுடரும் நைட்ரஜன் டைஆக்சைடைத் தரும் என்பதால், சமைக்கும்போது சன்னலைத் திறந்து வெளியேற்றும் விசிறியை இயக்குங்கள். சமையலறையில் நிற்கும்போது மட்டும் இருமலோ இழுப்போ கூடுகிறதெனில், அடுத்த வருகையில் அதை எங்களிடம் மறவாமல் கூறுங்கள். மருந்தின் அளவைக் கூட்டுமுன் நாங்கள் அறிய விரும்புவது அதைத்தான்.