வண்டிப் பாரத்தின் நடு எங்கே?

பாரம் ஏற்றிய வண்டியில் மாட்டைப் பூட்டுவதற்கு முன், அனுபவம் மிக்க வண்டிக்காரர் நுகத்தடியை இரு கைகளாலும் சற்றே தூக்கிப் பார்ப்பது வழக்கம். கைக்குக் கனத்தால் ‘முன்பாரம்’ என்பார். நுகத்தடி தானே மேலெழுந்தால் ‘பின்பாரம்’ என்பார். இரண்டு மூட்டைகளை இடம் மாற்றி வைத்த பிறகே மாட்டைப் பூட்டுவார். இந்தச் சோதனையில் அடங்கியுள்ள கணக்கை விவசாயிகளும் ஊராட்சி உறுப்பினர்களும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி, அதை இங்கே விளக்க முற்படுகிறோம். மாட்டு வண்டிகள் அருகிவிட்ட ஊர்களில் டிராக்டரின் பின்னே செல்லும் இரு சக்கர டிரெய்லருக்கும் இதே கணக்குத்தான்.

ஒரு தட்டின் மேல் பல பொருள்கள் பல இடங்களில் வைக்கப்பட்டிருந்தாலும், அவற்றின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் கூடி நிற்பதாகக் கொண்டு கணக்கிடலாம். அப்புள்ளியே ஈர்ப்பு மையம் எனப்படும். இரு சக்கர வண்டியின் தட்டைத் தாங்குவது அச்சு. மையம் அச்சுக்கு முன்னால் விழுந்தால் எடையில் ஒரு பங்கு மாட்டின் கழுத்தில் இறங்கும். பின்னால் விழுந்தால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். வண்டி குடை சாய்வதும் உண்டு. சிறிதளவு முன்பாரம் இருப்பதே நல்லது. நுகத்தடி துள்ளாமல் கழுத்தில் படிந்திருக்கும். அளவு மீறினாலோ கழுத்துப் புண்ணாகிவிடும். புண் ஆறும்வரை அந்த மாடு வண்டிக்கும் உதவாது, உழவுக்கும் உதவாது.

மையத்தைக் காண்பதற்குப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். டயர் வண்டி ஒன்றின் தட்டு 300 செ.மீ. நீளம் என்றும், அச்சு முன் விளிம்பிலிருந்து 150 செ.மீ. தூரத்தில் உள்ளது என்றும் வைத்துக்கொள்வோம். அதில் 50 கிலோ சிமெண்டு மூட்டை எட்டு, 40 கிலோ நெல் மூட்டை ஐந்து, 100 கிலோ எடையுள்ள டீசல் பம்பு ஒன்று ஏற்றப்பட்டுள்ளன. முன் விளிம்பிலிருந்து சிமெண்டு அடுக்கின் நடு 70 செ.மீ., நெல் அடுக்கின் நடு 215 செ.மீ., பம்பின் நடு 270 செ.மீ. தூரத்தில் உள்ளன. அடுக்கின் ஓரத்தை அளக்கலாகாது. நடுவையே அளக்க வேண்டும்.

ஒவ்வொன்றின் எடையையும் அதன் தூரத்தால் பெருக்குவோம். சிமெண்டுக்கு 28,000, நெல்லுக்கு 43,000, பம்புக்கு 27,000, ஆகக் கூடுதல் 98,000. இதை மொத்த எடையாகிய 700 கிலோவால் வகுத்தால் 140 வரும். ஆகவே மையம் அச்சுக்கு 10 செ.மீ. முன்னால் இருக்கிறது. அச்சிலிருந்து நுகத்தடி 350 செ.மீ. தூரம் எனில், 700ஐ 10ஆல் பெருக்கி 350ஆல் வகுக்க, நுகத்தடியில் இறங்கும் பாரம் 20 கிலோ. வெறும் வண்டியின் முன்பாரம் இதனுடன் சேரும். இரண்டு மாடுகள் பகிர்ந்துகொள்வதால் இது தாங்கத்தக்க அளவே.

இனித்தான் கவனிக்க வேண்டிய செய்தி வருகிறது. வழியில் ஒரு வயலில் பம்பை மட்டும் இறக்கிவிட்டால் என்ன ஆகும்? பாரம் 100 கிலோ குறைந்தது, மாட்டுக்குச் சுகம் என்றே பலரும் எண்ணுவர். கணக்கு வேறு கூறுகிறது. எஞ்சிய பெருக்குத்தொகை 71,000, எடை 600, மையம் ஏறக்குறைய 118 செ.மீ. தூரத்துக்கு வந்துவிடுகிறது. நுகத்தடியில் 20 கிலோவாக இருந்தது 54 கிலோவாக உயர்கிறது! மாறாக, சிமெண்டை முதலில் இறக்கினால் மையம் அச்சுக்கு 83 செ.மீ. பின்னால் போய், நுகத்தடியை 71 கிலோ அளவுக்கு மேலே தூக்கும். மாடு பூட்டியிருக்கையில் இவ்வாறு இறக்குவது மிகவும் ஆபத்தானது. பம்பை இறக்கியபின் இரண்டு சிமெண்டு மூட்டைகளை 130 செ.மீ. பின்னுக்கு நகர்த்தி நெல் மூட்டைகளின் மேல் வைத்தால், மையம் மீண்டும் 140க்கு வரும். நுகத்தடியில் 17 கிலோதான் நிற்கும். எந்தச் சரக்கு எங்கே இறங்கும் என்பதை ஏற்றும்போதே ஆலோசித்துக்கொண்டால் இந்த நகர்த்தும் வேலையும் மிஞ்சும்.

மேடு பள்ளமும் கணக்கை மாற்றும். மையம் அச்சுக்கு மேலே உயரத்தில் இருப்பதால், ஏற்றத்தில் அது பின்னுக்கும் இறக்கத்தில் முன்னுக்கும் சாயும். பத்து அடிக்கு ஓர் அடி உயரும் கரையில் ஏறும்போது, மையம் அச்சுக்கு மேல் 50 செ.மீ. உயரத்திலுள்ள மூட்டைப் பாரம் சுமார் 5 செ.மீ. பின்வாங்கும். ஒரு மீட்டர் உயரத்தில் மையம் அமைந்த வைக்கோல் பாரமோ 10 செ.மீ. பின்வாங்கும். தரையில் வைத்த முன்பாரம் முழுவதும் அங்கேயே தீர்ந்துபோகும். வைக்கோல் வண்டி வாய்க்கால் கரையில் தடுமாறுவதன் காரணம் இதுவே. இடம், வலம் பார்ப்பதற்கும் இதே முறை. தட்டின் நடுக்கோட்டிலிருந்து தூரத்தை அளந்துகொள்ள வேண்டும்.

மாட்டின் பருமனுக்கும் சக்கரத்தின் வகைக்கும் ஏற்ப வண்டிப் பாரத்துக்கு மேல்வரம்பு விதிக்கும் சட்ட விதிகள் 1965ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. ஆயினும் அனுமதிக்கப்பட்ட எடையையே தவறான இடத்தில் ஏற்றினால் மாடு துன்புறவே செய்யும்.

டிரெய்லரில் மாட்டின் கழுத்துக்குப் பதிலாக டிராக்டரின் பின்புறக் கொக்கி பாரத்தை ஏற்கிறது. சிறிது முன்பாரம் பின் சக்கரங்களுக்குப் பிடிமானம் தரும். மிகுந்தால் முன் சக்கரங்கள் தரையில் அழுந்தாமல், திருப்பினாலும் திரும்பா. பின்பாரமானால் பின் சக்கரங்கள் பிடிமானம் இழந்து வழுக்கும். எடைமேடை அருகில் இருந்தால் அளப்பது எளிது. டிராக்டரைத் தனியாகவும், பிறகு பாரம் ஏற்றிய டிரெய்லரோடு சேர்த்தும் நிறுத்துக் கழித்தால் டிரெய்லரின் முழு எடை தெரியும். கொக்கியிலிருந்து கழற்றாமலே டிரெய்லரின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி எடை பார்த்து, அதை முழு எடையிலிருந்து கழித்தால் எஞ்சுவதே கொக்கியின் பாரம்.

எடைமேடை இல்லாத ஊரில், தட்டின் பக்கப் பலகையில் அச்சுக்கு நேராகச் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடும், அதற்கு முன்னும் பின்னும் 25 செ.மீ. இடைவெளியில் வெள்ளைக் கோடுகளும் இட்டு வைக்கலாம். மூட்டைகளை ஏற்றுபவர் கோடுகளை எண்ணியே தூரத்தைச் சொல்லிவிடுவார். ஒவ்வொரு முறையும் அளவு நாடாவைத் தேட வேண்டியதில்லை.