மூட்டையில் ஒரு தரம், உள்ளே வேறு தரம்

இணைய வழங்கி அனுப்பும் பதிலுக்கு முன்னால் ஒரு தலைப்பு வரும். உள்ளே இருப்பது எச்டிஎம்எல்லா, வெறும் எழுத்தா, எந்தக் குறியீட்டில் எழுதியது என்பதை அது சொல்லும். ‘பக்கம் இல்லை’ என்னும் 404 அறிவிப்புக்கும் இது உண்டு. தேயிலை மூட்டையில் ‘பிஓபி’ என்ற தரத்தை அச்சிட்டுவிட்டு உள்ளே ‘டஸ்ட்’ என்ற வேறு தரத்தை நிரப்பினால், சுவைத்துப் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். உலாவி பெரும்பாலும் மூட்டையில் உள்ள எழுத்தையே நம்பும்.

அப்பாச்சி 2.4 என்ற வழங்கி மென்பொருள் தானே ஆக்கும் பிழைப் பக்கம், 1995இல் வந்து 2000இல் கைவிடப்பட்ட எச்டிஎம்எல் 2.0 என்றே தன்னை அறிவித்துக்கொள்கிறது. நாலு வரி ஆங்கில அறிவிப்புக்கு அதனால் கேடில்லை. கூடவே வரும் ஐஎஸ்ஓ 8859-1 என்ற குறியீடுதான் தமிழுக்குத் தொல்லை. அது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது. அமைப்புக் கோப்பில் பிழைச் செய்தியை நேரடியாகத் தமிழில் எழுதினாலும் இதே முத்திரையுடன்தான் போகும். யூடிஎப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். ஒவ்வொன்றும் ஒரே பைட்டில் தொடங்குவதால், மேலே கோடிட்ட பிரெஞ்சு ‘ஆ’ திரை முழுக்க வரிசைகட்டும். பக்கத்துக்குள் யூடிஎப்-8 என்று குறித்தாலும் பயனில்லை, தலைப்பே வெல்லும். செய்தியைத் தனிக் கோப்பாக வைத்து, அதற்குச் சரியான குறியீட்டை அறிவிப்பதே வழி.

இணையத்துக்கும் பயனருக்கும் இடையில் ஒரு மனிதர் இருந்த காலமும் உண்டு. இலங்கையில் 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலிக்கு 1990களின் இறுதியில் யுனெஸ்கோ திட்டத்தின் வழியே இணையம் வந்தது. நேயர் கேட்டதை அறிவிப்பாளர் தேடிப் படித்து, ஒலிபரப்பில் உள்ளூர் மொழியில் விளக்குவார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணைப்பு இருந்தது. இப்படி ஒரு மனிதர் இடையில் இருந்தால் பொருந்தாத முத்திரை பெரிய சிக்கலே அல்ல. குப்பையைப் பார்த்தவுடன் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

இன்று அந்த இடத்தில் கைபேசிச் செயலி இருக்கிறது. அது எதிர்பார்ப்பது ஜேசன் வடிவத் தரவு. வழங்கி பழுதானதும் வருவதோ எச்டிஎம்எல் பக்கம்; முதல் கோணக் குறியிலேயே செயலி தடுக்கி நிற்கும். அதைவிட மோசம், பிழைப் பக்கத்தையே ‘200, எல்லாம் சரி’ என்று அனுப்புவது. தேடுபொறியும் அதை உண்மையான பக்கமாக எடுத்துக்கொள்ளப் பார்க்கும். ஆகவே செயலிக்கான முகவரிகளில் பிழையும் ஜேசனாகவே, உரிய எண்ணுடன் போக வேண்டும். வழங்கிக்கு முன்னால் இடைநிலை வழங்கி இருந்தால் அதையும் தனியாகச் சோதிக்க வேண்டும். 502, 504 என்ற பிழைப் பக்கங்களைப் பெரும்பாலும் அதுவே எழுதுகிறது.