இரும்பு எதை முதலில் கைவிடும்?

தாளின் தலையில் 26 என்று எழுதிக்கொள்ளுங்கள். இரும்பின் அணு எண் அது. 26 எலக்ட்ரான்களுக்கும் இடம் பார்த்துக் கொடுக்க வேண்டும். 1எஸ்-இல் 2, 2எஸ்-இல் 2, 2பி-இல் 6, 3எஸ்-இல் 2, 3பி-இல் 6. ஆக 18, ஆர்கான் வந்தாயிற்று. பிளஸ் ஒன் மாணவர் யாரும் இதுவரை மூச்சு வாங்காமல் வந்துவிடுவார். (எஸ், பி, டி என்பவை நிறமாலைக் கோடுகளின் வரிசைகளுக்கு 19-ஆம் நூற்றாண்டில் வைத்த ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகள். எலக்ட்ரானே அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை!)

அடுத்து 3டி வர வேண்டாமா? வராது, 4எஸ் முந்திக்கொள்ளும். எஸ் ஆர்பிட்டாலில் இருக்கும் எலக்ட்ரான், உள்கூடுகளை ஊடுருவி அணுக்கருவின் அருகு வரை போய்வரும். கருவின் ஈர்ப்பு அதற்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. 3டி-க்கு அந்த ஊடுருவல் குறைவு. பொட்டாசியத்தின் 19-வது எலக்ட்ரானும் கால்சியத்தின் 20-வதும் 4எஸ்-இல் போய் உட்காருவது இதனால்தான். இரும்பில் இன்னும் 6 பாக்கி. அவை 3டி-க்குப் போகும். அங்கே அறைகள் 5. ஹூண்ட் விதிப்படி முதலில் அறைக்கு ஒன்று. ஆறாவது வந்த பிறகே ஒரு ஜோடி. இணையில்லாமல் நிற்பவை 4.

சறுக்கும் இடம் இனிமேல்தான். துருவில் இருப்பது 3 எலக்ட்ரான்களை இழந்த பெரிக் அயனி. எந்த மூன்று போயின? கடைசியில் எழுதியதை முதலில் அழிக்கக் கை போகும்: 3டி-யிலிருந்து மூன்று. தப்பு. முதலில் கிளம்புபவை 4எஸ்-இன் இரண்டும். பிறகுதான் 3டி-யில் ஒன்று. கருவின் மின்சுமை ஏற ஏற 3டி உள்ளே இறுகிவிடுகிறது. 4எஸ் வெளிவிளிம்பில் நிற்கிறது.

நம்ப முடியவில்லை என்றால் காந்தத்திடம் கேட்கலாம். இணையில்லாத எலக்ட்ரான்கள் கூடினால் காந்தத் திருப்புத்திறனும் கூடும். மூன்றும் 3டி-யிலிருந்தே போயிருந்தால் இணையில்லாதவை 3. கணக்குப்படி சுமார் 3.9 போர் மேக்னட்டான். 4எஸ் முதலில் போயிருந்தால் இணையில்லாதவை 5; கணக்கு 5.9. பெரிக் அம்மோனியம் படிகாரத்தை அளந்தால் கிடைப்பது ஏறக்குறைய 5.9.

ஒரு வேடிக்கையும் உண்டு. இரண்டு எலக்ட்ரான்களை மட்டும் இழந்த பெரஸ் அயனிக்குத் தப்பாக எழுதினாலும் சரியாக எழுதினாலும் இணையில்லாதவை 4 என்றே வரும். பென்சிலை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.